"பைய போ, மக்கா!" - கேம் காரில் பறந்த தலைமுறையும் நாஞ்சில் நாட்டு ரோடும்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குக் காரில் வருகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழியில் ஒரு வரவேற்பு காத்திருக்கும். காற்று! அதுவும் ஆடி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். முப்பந்தல் காற்றாலைகள் வரிசைகட்டிச் சுற்ற, மலை இடுக்கில் புகுந்து வரும் காற்று காரைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தே ஆக வேண்டும். பைக்கில் வருகிறவர் யாரும் சொல்லாமலேயே வேகத்தைக் குறைத்துவிடுவார்.

'நீட் ஃபார் ஸ்பீட்' கேமில் மணிக்கு 300 கிலோமீட்டரில் பறந்து பழகியவர்களுக்கு இந்தக் காற்று புதுசு. அந்த கேமில் மழை உண்டு, போலீஸ் உண்டு, நைட்ரஸ் பாட்டில்கூட உண்டு. காரை ஓரமாகத் தள்ளும் ஆடிக்காற்று மட்டும் கிடையாது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்று முப்பது வயதைத் தாண்டி, டி.என். 74 அல்லது டி.என். 75 நம்பர் பிளேட்டோடு சொந்த வண்டி ஓட்டும் பலருக்கும் முதல் கார் ஷோரூமிலிருந்து வரவில்லை. பிரவுசிங் சென்டரில், கீபோர்டின் நான்கு அம்புக்குறி பட்டன்களில் ஓடிய கார்தான் அவர்களின் முதல் கார். அந்த காரையும் இந்த ரோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஆரல்வாய்மொழியில் தொடங்கி ஒரு ரவுண்டு!

ஒரு மணிக்கூர் ராஜா

2005-ம் வருடம். இந்தியர் ஒருவர் முதன்முறையாக ஃபார்முலா 1 பந்தயத்தில் கார் ஓட்டிய வருடம் அது. கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் மார்ச் மாதம் ஆஸ்திரேலியாவில் ஜோர்டான் அணியின் காரில் களமிறங்கினார். அதே வருடம் நவம்பரில் வந்ததுதான் 'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்'.

இந்தத் தொடரின் முதல் கேம் 1994-லேயே வந்துவிட்டது. ஆனால், நம் ஊர்ப் பையன்களைக் கட்டிப்போட்டது, 2003-ல் வந்த 'அண்டர்கிரவுண்ட்', 2004-ல் வந்த 'அண்டர்கிரவுண்ட் 2', அதற்கடுத்து வந்த 'மோஸ்ட் வான்டட்' மூன்றும்தான். கனடாவின் வான்கூவர் பகுதியில் இருந்த இ.ஏ. பிளாக் பாக்ஸ் என்ற ஸ்டூடியோ இவற்றை உருவாக்கியது.

அப்போது நாகர்கோவிலில் கல்லூரிகளைச் சுற்றியும் பஸ் ஸ்டாண்டு பக்கமும் பிரவுசிங் சென்டர்கள் நிறைய. பகலில் ரிசல்ட் பார்க்க, அப்ளிகேஷன் போட, வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுக்கு மெயில் அனுப்பக் கூட்டம் வரும். ஸ்கூல் விட்டதும் கேம் கூட்டம் வந்துவிடும். 'மோஸ்ட் வான்டட்' ஓட 256 எம்.பி. ரேம், 3 ஜி.பி. இடம் போதும். ஆனால், எல்லா கம்ப்யூட்டரிலும் கிராஃபிக்ஸ் கார்டு இருக்காது. கார்டு போட்ட ஒன்றிரண்டு சிஸ்டத்துக்குத்தான் அடிதடி.

"ஒரு மணிக்கூர் ஆச்சு, எந்திரி மக்கா. அடுத்த ஆளு நிக்கான்" என்று கடைக்கார அண்ணன் குரல் கொடுக்கும்போதுதான் ரேஸ் கடைசி லேப்பில் இருக்கும். கரன்ட் போய், யு.பி.எஸ்ஸும் கைவிட்டால் அத்தனையும் போச்சு. அதைவிடப் பெரிய சோகம் ஒன்று உண்டு. ஒரு வாரம் பாடுபட்டுச் சேர்த்த காரும் பணமும் இருக்கும் சேவ் ஃபைலை, நடுவில் வந்த வேறு யாரோ அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்திருப்பார்கள்!

காருக்கு அலங்காரம்

வேகத்தைவிட இந்த கேம்களில் பலரைக் கவர்ந்தது இன்னொரு விஷயம். ரேஸில் ஜெயித்த பணத்தில் காரை இஷ்டம்போல மாற்றலாம். பம்பர், பானெட், ஸ்பாய்லர், அலாய் வீல், வண்டிக்கு அடியில் ஒளிரும் நியான் விளக்கு, பக்கவாட்டில் ஸ்டிக்கர், டிக்கி நிறைய ஸ்பீக்கர், மேல்நோக்கித் திறக்கும் கதவு என்று 'அண்டர்கிரவுண்ட் 2'-வில் பட்டியல் நீளும். இன்ஜின், டர்போ, டயர், சஸ்பென்ஷன் எல்லாமே மாற்றலாம்.

எவ்வளவு அழகாக மாற்றுகிறோமோ அதற்கேற்ப நட்சத்திர மதிப்பெண் ஏறும். ஏறினால் பத்திரிகை அட்டையில் காரின் படம் வரும். அதற்கு, சொன்ன நேரத்துக்குள் ஊரின் ஒரு மூலைக்கு ஓட்டிப்போய், காரை நிறுத்தி போட்டோ எடுக்க வேண்டும். இன்று முட்டம் கடற்கரையில் காரைக் கோணலாக நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு ரீல்ஸ் எடுக்கும் இளைஞர்களைப் பார்த்தால் அந்த ஞாபகம் வராமல் போகாது.

'மோஸ்ட் வான்டட்'டில் போலீஸும் வந்தது. ராக்போர்ட் என்ற கற்பனை நகரத்தில், 15 பேர் கொண்ட கறுப்புப் பட்டியலில் ஒவ்வொருவராக ஜெயித்து முதலிடத்துக்குப் போக வேண்டும். நீலமும் வெள்ளியும் கலந்த பி.எம்.டபிள்யூ எம்3 ஜி.டி.ஆர். காரை ஆரம்பத்திலேயே கொடுத்து, உடனே பறித்துக்கொள்வார்கள். அதைத் திரும்பப் பெறத்தான் மொத்தப் போராட்டமும்.

இதில் ஒரு வேடிக்கை. போலீஸ் தேடுகிறதா? காரின் பெயின்ட்டை, பம்பரை மாற்றினால் போதும், தேடுதலின் சூடு குறைந்துவிடும். நிஜத்தில் அப்படியே தலைகீழ். அதற்குப் பிறகு வருவோம்.

இவற்றை 'ஆர்கேட்' வகை கேம் என்பார்கள். நிஜக் காரின் இயல்பை அப்படியே கொண்டுவர முயல்வது 'சிமுலேஷன்' வகை. ஆர்கேட்டில் நோக்கம் ஜாலி மட்டும்தான். வளைவில் பிரேக் பிடிக்காமல் சுவரில் உரசிக்கொண்டே திரும்பலாம். நேருக்கு நேர் மோதினாலும் அடுத்த நொடி கார் ஓடும். எதிரே வரும் வண்டிகளில் யாரும் இருப்பதாகவே தெரியாது. முக்கியமாக, ராக்போர்ட்டில் ரோட்டைக் கடக்க ஒரு மனுஷர்கூட இல்லை!

வீட்டு வாசல்தான் ரோடு

நாகர்கோவிலுக்குள் நுழைந்ததும் இந்த வித்தியாசம் முகத்தில் அடிக்கும். வடசேரியில் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் பஸ், கோட்டாறு மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றிவரும் டெம்போ, மணிமேடை பக்கம் எந்தத் திசையிலிருந்தும் முளைக்கும் ஸ்கூட்டர், குறுக்கே குடைபிடித்து நடக்கும் பாட்டி. கேமில் இவர்கள் ஒருவர்கூடக் கிடையாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்கிறார்கள். தமிழகத்தில் சென்னைக்கு அடுத்து நெருக்கமான மாவட்டம் அப்போது இதுதான். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை வழியாகக் களியக்காவிளை போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. கண்ணாலேயே தெரியும். ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்த ஊர் எங்கே ஆரம்பித்தது என்றே பிரிக்க முடியாது. வீடு, கடை, கோயில், சர்ச், பள்ளிவாசல், ஸ்கூல், மறுபடி வீடு. பல இடங்களில் வாசல்படி இறங்கினால் ரோடுதான்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். 40 கிலோமீட்டரில் போனால் 11 மீட்டர். குழந்தை ஒன்று பந்துக்குப் பின்னால் ஓடிவருவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கைத் தொடவே ஒரு நொடி ஆகிவிடும். அதாவது 100-ல் போகிறவர் பிரேக்கில் கால் வைப்பதற்குள் இரண்டு, மூன்று வீட்டு வாசலைத் தாண்டியிருப்பார். வண்டி நிற்பதற்கு இன்னும் தூரம் வேண்டும்.

கிளம்பும் முன்பு "பைய போ, மக்கா" என்று அம்மாக்கள் வாசலில் நின்று சொல்வது சும்மா இல்லை. 'பைய' என்றால் மெதுவாக. நாஞ்சில் நாட்டில் டாட்டாவுக்கு முன்னால் வரும் வார்த்தை அது.

மாற்றினால் எவ்வளவு?

மார்த்தாண்டத்தில் சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்பு மேம்பாலம் இருக்கிறது. கீழே நெரிசலில் நகர்ந்து வந்தவர்களுக்கு, மேலே ஏறியதும் திடீரென்று வானம் தெரியும். ஆக்சிலேட்டரைச் சவுட்டத் தோன்றும் இடம். வெடிச்சத்தம் போடும் சைலன்ஸரோடு பைக் ஒன்று கடந்துபோனால் கேம் ஞாபகம் கட்டாயம் வரும்.

ஆனால், கேமில் வண்டியை மாற்றினால் நட்சத்திரம் கிடைக்கும். இங்கே கிடைப்பது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பு நிறுவனம் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து வண்டி மாறும்படி திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே வருடம் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேம் மாதிரி ஐந்து இடத்தில் கைவைத்தால் ஐந்து தடவை எண்ண வேண்டும்!

நிறத்தை மாற்ற ஆசையா? மாற்றலாம். ஆனால், ஆர்.சி.யிலும் அந்த நிறத்தைப் பதிவு செய்ய வேண்டும். தொடரின் பிற்கால கேம்களில் நம்பர் பிளேட்டில் பிடித்த பெயரை எழுதிக்கொள்ள முடிந்தது. இங்கே 2019 ஏப்ரல் 1-ம் தேதி முதல் வரும் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். வளைத்து நெளித்து எழுத இடமில்லை.

பொது ரோட்டில் ரேஸ் விட்டால் முதல்முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருடம், 10,000 ரூபாய் வரை போகும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 18 வயதாகாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றத்தில் சிக்கினால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சேவ் ஃபைல் அழிந்தால் மறுபடி ஆரம்பிக்கலாம். இதை அப்படி ஆரம்பிக்க முடியாது.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம்

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். வண்டி அலங்காரத்தில் மலையாளிகளின் ஆர்வம் ஊரறிந்தது. சுற்றுலாப் பேருந்துகள் முழுக்க ஓவியம், கலர் லைட், காது கிழியும் பாட்டு என்று ஓடிய காலம் ஒன்று இருந்தது. அந்த பஸ்களுக்கு ரசிகர் கூட்டமே உண்டு.

2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், பள்ளி மாணவர்களை ஊட்டிக்கு ஏற்றிச்சென்ற ஒரு சுற்றுலாப் பேருந்து, அரசுப் பேருந்தின் பின்னால் வேகமாக மோதியது. 9 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் மாணவர்கள். அதன்பிறகு சுற்றுலாப் பேருந்துகளுக்கு வெள்ளை நிறம் என்ற விதியைக் கேரள அரசு கறாராக அமல்படுத்தியது. ஓவியங்கள் காணாமல் போயின.

போன அந்த ஓவியங்கள் எங்கே போயின தெரியுமா? மொபைலுக்குள்! இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017-ல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' கேமில், பஸ்ஸின் மேல் பூச்சை விளையாடுகிறவரே வரைந்துகொள்ளலாம். கேரள சுற்றுலாப் பேருந்து, தமிழக அரசுப் பேருந்து என்று நம் ஊர் ரசிகர்கள் வரைந்து தள்ளிவிட்டார்கள். பிரவுசிங் சென்டரில் எம்3-க்கு ஸ்டிக்கர் ஒட்டிய அண்ணன்களின் தம்பிகள், இன்று படுக்கையில் சாய்ந்தபடி பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். வேகம் வேண்டுமென்பவர்களுக்கு 'ஆஸ்ஃபால்ட்' மாதிரி கார் கேம்கள் போனிலேயே கிடைக்கின்றன. ஒரு மணிக்கூர் கணக்கும் இல்லை, எந்திரிக்கச் சொல்ல அண்ணனும் இல்லை.

வண்டியை 'என் வண்டி' என்று ஆக்கிக்கொள்ளும் ஆசையில் தப்பில்லை. அதற்கு யாருக்கும் காயம் படாத ஓர் இடம் வேண்டும். கேம் அப்படிப்பட்ட இடம்தான்.

கடலோரமாகத் திரும்பினால்...

திரும்பும் வழிக்குக் கடற்கரைச் சாலையைத் தேர்ந்தெடுக்கலாம். 1741-ல் டச்சுப் படையைத் திருவிதாங்கூர் தோற்கடித்த குளச்சல், கலங்கரை விளக்கம் நிற்கும் முட்டம், ராஜாக்கமங்கலம், மணக்குடி, கன்னியாகுமரி. தென்னை, கடல், சர்ச் கோபுரம், வலை காயும் மணல் என்று எந்த கேமிலும் கிடைக்காத காட்சிகள்.

மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்தில் பாலம் ஒன்று இருக்கிறது. அங்கே முன்பிருந்த பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்றிருப்பது அதற்குப் பிறகு கட்டியது. இந்தப் பாலத்தில் ஏறும்போது உள்ளூர்க்காரர்களின் வண்டி கொஞ்சம் தணிந்தே போகும். பக்கத்திலேயே மீன் கூடையோடு யாராவது நடந்து வருவார்கள்.

மலைப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்குப் பேச்சிப்பாறை, கோதையாறு, கீரிப்பாறை சாலைகள் இருக்கின்றன. 2006-ல் வந்த 'கார்பன்' கேமில் மலைச்சாலைப் பந்தயம்தான் பிரபலம். பள்ளத்தில் விழுந்தால் தோல்வி என்று திரையில் வரும், அவ்வளவுதான். இங்கே ரப்பர் தோட்டத்து வளைவில், விடியற்காலையில் பால் வெட்டப் போகும் தொழிலாளி டார்ச் லைட்டோடு நடந்து வருவார். மழை பெய்த இலைச்சருகில் டயர் வழுக்கும். ரப்பர் மரங்களுக்கு இடையே வெயில் விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் 20 கிலோமீட்டர் வேகமே அதிகம்.

வேகத்துக்கும் ஓர் இடம் உண்டு

அப்படியென்றால் நிஜத்தில் வேகமாக ஓட்டவே கூடாதா? ஓட்டலாம், தமிழ்நாட்டிலேயே ஓட்டலாம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஒரு காலத்தில் சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதை இருக்கிறது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

தெருவில்தான் ரேஸ் பார்க்க வேண்டுமென்ற ஆசையும் நிறைவேறிவிட்டது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டு நாளும் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தூரத்துக்கு இரவில் கார்ப் பந்தயம் நடந்தது. 'அண்டர்கிரவுண்ட்' கேம் போலவே, இரவு வெளிச்சத்தில், நகரத்துத் தெருவில்! வித்தியாசம் என்னவென்றால், அந்தத் தெருவை முதலில் அடைத்தார்கள். தடுப்புச் சுவர் வைத்தார்கள். டிரைவர்களுக்கு ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, பக்கத்திலேயே டாக்டர்கள்.

2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி, துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததை ஊரே கொண்டாடியது. ரேஸ் டிராக்கில் வண்டி திரும்பும் வளைவில் யாருடைய வீட்டு வாசலும் இல்லை. அங்கே வேகம் விளையாட்டு.

தோவாளையில் ஒரு கார்

நாகர்கோவிலைத் தாண்டி மறுபடி ஆரல்வாய்மொழியை நோக்கிப் போகும்போது தோவாளை வரும். அதிகாலையிலேயே பூச்சந்தை களைகட்டிவிடும். பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கேந்தி என்று மூட்டை மூட்டையாக இறங்கும். கல்யாண சீசனென்றால் மாலை கட்டும் கைகளுக்கு ஓய்வே இருக்காது.

நாஞ்சில் நாட்டின் பழைய 'கார் கஸ்டமைசேஷன்' இந்தப் பூவில்தான் இருக்கிறது. கல்யாண மாப்பிள்ளையின் கார். பானெட்டில் பூச்சரம் வளைந்து இறங்கும். ஜன்னல் ஓரம் ரோஜா ஒட்டியிருக்கும். பின்கண்ணாடியில் மணமக்கள் பெயர். ஆயுத பூஜை வந்தால் ஆட்டோ, டெம்போ, அரசு பஸ் என்று எல்லாவற்றுக்கும் மாலை. இந்த மாற்றத்துக்கு எந்தப் பிரிவும் பாயாது. மறுநாள் தண்ணீர் அடித்தால் வண்டி பழையபடி ஆகிவிடும்.

பூ வைத்த காரை வேகமாக ஓட்ட முடியாது. சவுட்டினால் சரம் அறுந்து பறந்துவிடும். அதிலும் இந்தக் கணவாய்க் காற்றில்! பிரவுசிங் சென்டரில் 300-ல் பறந்த அதே கைகள்தான் இன்று தம்பி கல்யாணத்துக்கு அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கின்றன. பின்சீட்டில் மாப்பிள்ளை, பக்கத்தில் மாமா, மடியில் தாம்பாளத்தோடு அக்கா. வாசலில் நிற்கும் அம்மா ஜன்னல் வழியே குனிந்து சொல்கிறார்.

"பைய போ, மக்கா. பூ பறந்திரும்."